சைக்கிள்ல இருந்து "விழுந்த" கேஸ்

நான் பரோட்டா மாஸ்டர், வீடு திருநெல்வேலி பேட்டை, வேலை டவுண்ல. 2023 ஆவணியில ஒரு சாயங்காலம் சேரன்மகாதேவி ரோட்டுல சைக்கிள்ல போய்க்கிட்டு இருக்கேன், பின்னால வந்த பைக்கு ஒரே இடி, வலது மணிக்கட்டுல ரெண்டு எலும்பும் போச்சு. யாரோ ஒரு புண்ணியவான் ஆட்டோல தூக்கிப் போட்டு ஒரு ஆஸ்பத்திரியில சேர்த்துட்டுப் போயிட்டாரு. இன்னுயிர் காப்போம் திட்டம் இருந்ததால மொத 48 மணி நேரத்துக்குக் காசு கேக்கல, பிளேட்டு வச்சதும் அதுக்குள்ளயே முடிஞ்சுட்டு.

வினையே அங்கதான். சேர்க்கும்போது என்ன ஆச்சுன்னு கேட்டிருக்காவ, அவரு "சைக்கிள்ல இருந்து விழுந்துட்டாரு"ன்னு சொல்லியிருக்காரு. பொய்யும் இல்ல, விழத்தான செஞ்சேன். அதை அப்படியே ஏ.ஆர்.ல, அதான் ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டுல எழுதிட்டாவ, பைக்கைப் பத்தி ஒரு எழுத்து இல்ல. மச்சினன் ஸ்டேஷனுக்குப் போயி எழுதிக் குடுக்கதுக்கும் மூணு நாள் ஆயிட்டு. எஃப்.ஐ.ஆர். ஐ.பி.சி. 279, 338ல போட்டாங்க, அதாவது கண்ணுமண்ணு தெரியாம ஓட்டுனது, அதனால பலத்த காயம் உண்டாக்குனது.

வக்கீல் அண்ணாச்சி ஏ.ஆர். காப்பியைப் பாத்ததும் தலையில கை வச்சுட்டாரு. "தானா விழுந்தவனுக்கு நாங்க ஏன் குடுக்கணும்னு பைக்கோட இன்சூரன்ஸ்காரன் கேப்பாம்லே, இந்த ஒரு வரி போதும் அவனுக்கு." 2022 ஏப்ரலுக்கு அப்புறம் விபத்து நடந்து ஆறு மாசத்துக்குள்ள மனு போடணுமாம், கட்டுப் பிரிச்சு நிதானமா பாத்துக்கிடுவோம்னு நெனச்ச எனக்கு அது அப்பதான் தெரியும். பாளையங்கோட்டை கோர்ட்டுல மோட்டார் வாகனச் சட்டம் 166ல நஷ்டஈடு கேட்டு மனு போட்டோம்.

எங்களைக் காப்பாத்துனது மூணு விஷயம். பைக்கைச் சோதிச்ச எம்.வி.ஐ. (மோட்டார் வாகன ஆய்வாளர்) ரிப்போர்ட்டுல முன்பக்கம் அடிபட்டிருக்குன்னு இருந்துச்சு, பைக்கு ஓட்டுன பையன் கிரிமினல் கேஸ்ல குத்தத்தை ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டான், அப்புறம் இடிச்சதை நேருல பாத்த டீக்கடை அண்ணாச்சி. அவரு யாவாரத்தைப் போட்டுட்டு கூண்டுல ஏறி பாத்ததை பாத்தபடியே சொன்னாரு, எதிர்வக்கீல் "சைக்கிள்ல பின்னால லைட்டு இருந்துச்சா"ன்னு திருப்பித் திருப்பிக் கேக்காரு, இவரு "ஐயா, வெயிலு அடிச்சுக்கிட்டு இருந்துச்சு, எதுக்கு லைட்டு"ன்னுட்டாரு. கோர்ட்டே சிரிச்சுட்டு.

அடுத்தது ஊனச் சதவீதம். ஐகிரவுண்டு கவர்மெண்ட் ஆஸ்பத்திரி மெடிக்கல் போர்டுக்கு அனுப்புனாங்க, கைக்கு 24ன்னு எழுதுனாங்க. அது கைக்கு மட்டுந்தான், மொத்த உடம்புக்குப் பாத்தா அதுல மூணுல ஒரு பங்குகூட வராதுன்னு இன்சூரன்ஸ் பக்கம் வாதம். ஆனா எலும்பு எவ்வளவு கோணிருக்குங்கதை விட அவன் பொழப்பு எவ்வளவு போச்சுன்னு பாக்கணும்னு சுப்ரீம் கோர்ட்டு 2010லயே ராஜ்குமார் கேஸ்ல சொல்லியிருக்காம். மாவு பிசையவும் வீசவும் மணிக்கட்டு சுத்தணும், எனக்கு இப்ப பாதிக்கு மேல திரும்பாது. அதைக் கூண்டுல நின்னு வீசிக் காட்டுனேன், வெறுங்கையால. கூச்சமாத்தான் இருந்துச்சு.

சம்பளத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு கெடையாது, கடை முதலாளி எழுதித் தந்த லெட்டர் மட்டுந்தான். நான் மாசம் 22,000 வாங்குனேன், கோர்ட்டு 12,000னு எடுத்துக்கிட்டு. வயசு 38, அந்த வயசுக்கு வருச வருமானத்தை 15ஆல பெருக்கணுமாம். பொழப்பு போனதை 20 சதவீதம்னு கோர்ட்டு வச்சு 12,000 பெருக்கல் 12 பெருக்கல் 15, அதுல 20 சதவீதம், 4,32,000. பில்லு, வலி வேதனை, சாப்பாடு, கூட இருந்து பாத்தவங்க செலவு எல்லாம் சேத்து ஆறு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல, மனு போட்ட நாள்ல இருந்து 7.5 வட்டி. பாதியை பேங்குல டெபாசிட்டாப் போடச் சொல்லிட்டாங்க. மெடிக்கல்ல வாங்குன மாத்திரைச் சீட்டுல பாதியை எம் பொஞ்சாதி பழைய பேப்பரோட எடைக்குப் போட்டுட்டா, அதுக்கெல்லாம் ஒத்தப் பைசா வரல.

தீர்ப்புல கடைசியா உடுப்பு சேதம்னு தனியா ஒரு ஆயிரம் ரூவா போட்டிருந்துச்சு. அன்னைக்கு நான் கட்டியிருந்தது 150 ரூவா சாரம்.