பாதி டப்பா

நேற்று சாயங்காலம் வந்து பையைத் திறந்தால், மகளுக்குக் கட்டிக்கொடுத்த சாப்பாடு பாதிக்கு மேல் அப்படியே கிடக்குது. ஓரத்தில் மட்டும் குட்டி விரல் தோண்டிய தடம். உடனே பக்கத்து வீட்டு அக்காவின் குரல் காதில்: "அம்மா வேலைக்குப் போனா பிள்ளை இளைக்கத்தான் செய்யும்."

அவ்வளவு சுலபமான கணக்கா இது? என் சம்பளம் வந்த பிறகுதான் அவள் தட்டில் முட்டையும் பழமும் தவறாமல் விழுது. குறைஞ்சது காசு இல்லை, நேரம்.

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 183-ஆம் உடன்படிக்கை கேட்கும் குறைந்தபட்ச மகப்பேறு விடுப்போ 14 வாரம். மிச்ச 12 வாரத்துக்கு? பாலை எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் 4 நாள் தாங்கும், சரி. எடுக்க ஒரு அறை வேண்டாமா? நான் ஆபீஸ் கழிப்பறையில் நின்னு எடுத்தவள்.

இப்போ பிரச்சினை பொறுமை. இவளுக்கு ஒரு வாய்க்கு இரண்டு நிமிஷம் (கடிகாரம் வச்சுப் பார்த்தேன், சத்தியமா). பத்துக் குழந்தைகளைப் பார்க்கும் ஆயாவால் அது முடியுமா, பாவம்.

அவள் அப்பாவும் வேலைக்குத்தான் போறார். அவரிடம் யாரும் டப்பாவைப் பற்றிக் கேட்டதில்லை. இன்று அவருக்கு லீவு, மதியம் அவர்தான் ஊட்டணும். டப்பா என்ன ஆச்சுன்னு ராத்திரி சொல்றேன்.