காவடி கட்டும்போது வந்த கேள்வி

மொரீஷியஸின் காத்ர் போர்ன் ஊரில் இருக்கும் முருகன் மலைக்கோவிலுக்குப் போகும் காவடியில் நேற்று தென்னங்குருத்து கட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “பெருவெடிப்பு எல்லாத்தையும் விளக்கிடுச்சே சித்தப்பா, அப்புறம் முருகன் எதுக்கு?”

நல்ல கேள்விதான். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-இல் எழுதி, பெருவெடிப்புக் கருத்துக்கு வித்திட்ட ஜார்ஜ் லெமேத்தர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். அதைக் கடவுளுக்குச் சான்றாக்குவதை அவரே விரும்பவில்லை. அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அறிவியல் பெயரால் மறுக்கப்படும் கடவுள், உலகத்துக்குள் இருக்கும் இன்னொரு பொருள். சைவ சித்தாந்தம் சொல்வது அதை அல்ல. குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம், அதாவது செய்பவன். உலகத்துக்கு இறைவன் அந்தக் குயவன் மாதிரி. மண்ணையும் சக்கரத்தையும் எவ்வளவு அளந்தாலும், குயவன் அவற்றில் ஒரு துண்டாகக் கிடைக்க மாட்டான். அளப்பது தப்பில்லை, அளக்கத்தான் வேண்டும்.

அண்ணன் மகன் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த எலுமிச்சம்பழத்தை நூலில் கோத்து நீட்டினான்.