வலது காதில் ஒரு முக்கோணம்

"பிறகு மனசு மாறினால்?" என்றுதான், கன்றுகளுக்கு ஹார்மோன் வைக்கலாமா என்று யோசித்த அந்த அம்மா கேட்டார். "நானூறு நாளில் மருந்து தீர்ந்துவிடும்" என்றேன்.

பதிலில் பொய் இல்லை. ஆனால் அவர் கேட்டது அதை இல்லை. இது எனக்கு உறைக்க ஒன்றரை வருடம் ஆனது. உறைத்த பிறகு நினைக்காத வாரம் இல்லை.

2022 ஜூன். ஆஸ்திரேலியாவில், குவீன்ஸ்லாந்தின் ரோமா ஊர்ப் பக்கத்தில் அந்த வருடம் நல்ல மழை, பஃபல் புல் முழங்கால் உயரம். பால்குடி மறந்த, காயடித்த கன்றுகள் 160 உருப்படி. வளர்ச்சியைத் தூண்டும் ஹார்மோன் வைப்பதா வேண்டாமா என்று கேட்டுக் கணவனும் மனைவியும் நான் வேலை பார்க்கும் கடைக்கு வந்தார்கள். நாமக்கல்லில் வாங்கிய கால்நடை மருத்துவப் பட்டம் குவீன்ஸ்லாந்தில் என்னை மருத்துவராக்கவில்லை. மருந்துக் கடையின் கவுண்டருக்குப் பின்னால்தான் நிற்கிறேன். இருந்தும் மாடு வைத்திருப்பவர்கள் ஒரு வார்த்தை என்னிடம் கேட்டுவிட்டுப் போவார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கணக்கு எளிது. ஒரு உருப்படிக்குச் செலவு பத்து டாலருக்குள். புல் இப்படி இருந்தால் இருபத்தைந்து கிலோ கூடுதலாக ஏறும் என்று வைத்தேன். அன்று உயிர் எடை கிலோ ஐந்தரை டாலர் போய்க்கொண்டிருந்தது. ஏறக்குறைய 130 டாலர் லாபம், அதை 160 ஆல் பெருக்கிக் காகிதத்தில் எழுதி அவர்கள் பக்கம் திருப்பி வைத்தேன். பெரியவர் தலையாட்டினார். அந்த அம்மா மட்டும் காகிதத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார், பிறகு மனசு மாறினால் என்று.

மருந்து வாங்குபவர் தர வேண்டிய உறுதிமொழிப் படிவத்தில் பெரியவர் கையெழுத்துப் போட்டார். பெட்டிகளை நானே வண்டியில் ஏற்றினேன்.

சனிக்கிழமை உதவிக்கும் போனேன். நம்மூர் கால்நடை மருந்தகத்தில் மாட்டை நிறுத்தும் ட்ராவிஸைப் போலத்தான் அங்கேயும் ஒரு கூண்டு, இரும்பில், கழுத்தைப் பிடிக்கும் கதவோடு. கதவு மோதும் சத்தத்தில் கன்று ஒரு கணம் உறைந்து நிற்கும். அதற்குள் காதின் பின்புறத்தைத் துடைத்து, நடு மூன்றிலொரு பங்கில், ரத்தக்குழாயைத் தவிர்த்து, தோலுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவில் ஊசியை விட்டு, விசையை அழுத்திக்கொண்டே வெளியே இழுக்க வேண்டும். பெருவிரலால் தடவினால் உள்ளே ஹார்மோன் அடங்கிய ரப்பர் குச்சி உருளும். காது அழுக்காக இருந்தால் சீழ் வைத்துக் குச்சி வெளியே வந்துவிடும், அதனால் ஒவ்வொன்றுக்கும் ஊசியைத் துடைத்தேன். வேலையில் குறை வைக்கவில்லை.

அப்புறம் துளை. ஹார்மோன் வைத்த மாட்டின் வலது காதின் நடுவில், பக்கத்துக்கு 20 மில்லிமீட்டர் உள்ள முக்கோணம் ஒன்றை வெட்டி எடுத்தாக வேண்டும், அது அங்கே சட்டம். அந்த அம்மாதான் வெட்டினார். மதியத்துக்குள் அவர் காலடி மண்ணில் முடியோடு சின்னச் சின்ன முக்கோணங்கள் சேர்ந்துவிட்டன. வெளியே ஓடிய கன்றுகளின் காதில் துளை வழியாக வெயில் தெரிந்தது.

மருந்து நானூறு நாளில் தீரும். துளை மூடாது.

2023 அக்டோபரில் விலை பாதிக்கும் கீழே விழுந்தது. மாடு எங்கும் மிஞ்சிக் கிடந்தபோது வாங்குபவர்கள் பொறுக்க ஆரம்பித்தார்கள். ஹார்மோனே படாத புல்வளர்ப்பு மாட்டுக்குக் கிலோவுக்கு 30 சென்ட் கூடத் தருவதாக ஒரு தரகர் அவர்களிடம் வந்திருக்கிறார். விற்பனை உறுதிமொழித் தாளின் முதல் கேள்வியே வாழ்நாளில் எப்போதாவது ஹார்மோன் வைத்ததுண்டா என்பதுதான். தாளைத் தொடவே வேண்டாம், காதைப் பார்த்தால் போதும். தரகர் வேலிக்கு வெளியிலேயே நின்று பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார். நான் ஏற்றித் தந்த இருபத்தைந்து கிலோவுக்கு அன்றைய விலையில் ஐம்பத்தைந்து, அறுபது டாலர். அந்த 30 சென்ட் கணக்கில் கைவிட்டுப் போனது உருப்படிக்கு 140 டாலர்.

எனக்காக நானே வாதாடுவேன். விலை இப்படி விழும் என்று 2022 இல் யார் சொன்னார்கள்? துளையைப் பற்றி அவர்களுக்குத் தெரியாதா? என்னைவிட முப்பது வருடம் அதிகமாக மாடு பார்த்தவர்கள். ஐரோப்பா 1989 இலிருந்து ஹார்மோன் வைத்த மாட்டின் கறியை வாங்குவதில்லை, ஆஸ்திரேலியாவிலேயே கோல்ஸ் கடைகள் 2011 இல் நிறுத்திவிட்டன. மாட்டுக்காரர்களுக்கு இதெல்லாம் பழைய செய்தி. தெரிந்துதான் கையெழுத்துப் போட்டார்கள்.

சரி, தெரிந்தவர் ஏன் அப்படிக் கேட்டார்? நான் அதையும் சேர்த்து எடைபோட்டுச் சொல்ல வேண்டும் என்றுதானே. நான் மருந்தைப் பற்றிப் பேசிக் கேள்வியை மூடினேன். பெட்டியை விற்றது எங்கள் கடை. அன்று அதை நான் நினைக்கவில்லை என்று சத்தியம் செய்வேன். ஆனால் நினைக்காமலே ஒரு பக்கம் சாய முடியும் என்பதும் எனக்குத் தெரியும்.

ஊரிலிருந்து போன் செய்பவர்கள் கேட்பது வேறு, ஹார்மோன் கறி சாப்பிட்டால் ஒன்றும் ஆகாதா என்று. ஐரோப்பிய அறிவியல் குழு 1999 இல், இந்தக் குச்சியில் உள்ள ஹார்மோனான எஸ்ட்ராடியால் புற்றுநோய் உண்டாக்கும் என்றது. அதே வருடம் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் கூட்டிய குழு, உடல் எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.05 மைக்ரோகிராம் வரை பரவாயில்லை என்றது. கறியில் மிஞ்சுவது அதற்கு வெகு கீழே, அதனால் நான் இரண்டாவது பக்கம். அந்தக் கறியை வீட்டில் சமைக்கிறோம், அந்த விஷயத்தில் எனக்கு உறுத்தல் இல்லை.

உறுத்துவது இன்னொன்று. ஊரில் மருந்தகத்தில் இருந்த காலத்தில், கன்று செத்த எருமைக்கு ஆக்சிடோசின் போட்டுப் பால் கறந்தவர்களை வாசலிலேயே வைத்துத் திட்டியிருக்கிறேன். அப்போது என்னிடம் விற்க எதுவும் இல்லை. இரண்டும் ஒன்றில்லை, அது திருட்டு ஊசி, இது சட்டப்படியானது. இருந்தாலும் அந்தக் குரல் எனக்கு எங்கே போனது என்று தேடுகிறேன்.

அந்த அம்மா இப்போதும் கடைக்கு வருகிறார். மாடுகளுக்கு அடையாளக் காதுத் தோடும் தடுப்பூசியும் வாங்குகிறார், மழையைப் பற்றிப் பேசுகிறார். அந்தக் கன்றுகளைப் பற்றி இருவரும் பேசியதில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று இரண்டு முறை வாயெடுத்தேன். எதற்கு என்று அவர் கேட்டால் சொல்லத் தெரியாது.

போன மாதம் ஓர் இளைஞன் 90 கன்றுகளுக்குக் கேட்டு வந்தான். இந்த முறை நான் காகிதத்தை எடுக்கவில்லை. "யாருக்கு விற்கப் போகிறாய் என்று முதலில் முடிவு செய். துளை போட்டுவிட்டால் சில கதவுகள் மூடிவிடும். தீவனம் போட்டுக் கொழுக்க வைக்கும் ஃபீட்லாட்டுக்குத்தான் என்றால் தாராளமாக வை" என்றேன். நல்ல பதில் என்றே நினைத்தேன்.

"விற்க இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. யாருக்கு என்று இப்போது எனக்கு எப்படித் தெரியும்? நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்?" என்றான்.

அவனுக்குப் பின்னால் இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். பெட்டியை மேசைமேல் வைத்தேன், மறுபடி கையில் எடுத்தேன்.