அயோவாவில் மக்கள் மிகக் குறைந்த கவுண்டியில் கணக்கெடுத்த அனுபவம்

2020 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தற்காலிகக் கணக்கெடுப்பாளராக வேலை பார்த்தேன். எனக்கு வந்த பகுதி அயோவாவின் தென்மேற்கில் இருக்கும் ஆடம்ஸ் கவுண்டி (கவுண்டி என்றால் நம் மாவட்டம் போன்ற ஒரு பிரிவு). மாநிலத்தின் 99 கவுண்டிகளில் மக்கள்தொகை மிகக் குறைந்தது இதுதான். 2030-இல் இந்த வேலைக்குப் போகலாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

சேர்வது எளிது. ஆன்லைனில் விண்ணப்பம், கைரேகை, பின்னணிச் சோதனை. அமெரிக்கக் குடியுரிமை கேட்டார்கள். கொரோனா காலம் என்பதால் பயிற்சியில் பெரும்பகுதி ஆன்லைனிலேயே முடிந்தது. ஒரு ஐபோன், அடையாள அட்டை, தோள்பை கொடுத்தார்கள். அப்புறம், மக்கள் சொன்ன தகவல்களை வெளியே சொல்லமாட்டேன் என்ற உறுதிமொழி. அது ஆயுள் முழுக்கச் செல்லும்; மீறினால் 5 ஆண்டு வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம். ஆகவே எந்த வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்பது பற்றி இங்கே ஒரு வரியும் இருக்காது. நிலத்தையும் வேலையையும் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கவுண்டி ஒரு நீள்சதுரம். கிழக்கு மேற்காக ஏறத்தாழ 24 மைல், வடக்கு தெற்காக 18 மைல். ஆறு மைலுக்கு ஆறு மைல் என்று 12 டவுன்ஷிப்கள். ஒவ்வொரு டவுன்ஷிப்பிலும் 36 செக்‌ஷன்கள், ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர். மைலுக்கு ஒரு சாலை என்பதுதான் கணக்கு. ஆனால் நாடவே ஆற்றின் கிளைகளும் மேடுபள்ளங்களும் அந்தக் கட்டங்களை ஆங்காங்கே அறுத்துவிடுகின்றன. வரைபடத்தில் ஒரு மைல் தள்ளி இருக்கும் வீட்டுக்கு, பாலம் இல்லாததால் நாலைந்து மைல் சுற்ற வேண்டியிருக்கும். கவுண்டியின் தலைநகரான கார்னிங்கில் 1,500 சொச்சம் பேர். பிரெஸ்காட், நாடவே, கார்பன் எல்லாம் அதைவிட மிகச் சின்ன ஊர்கள்.

போனில் வரும் வழியை அப்படியே நம்ப வேண்டாம். அயோவாவில் 'லெவல் பி' என்று ஒரு வகைச் சாலை உண்டு. சரளை கொட்டாத வெறும் மண். பராமரிப்பு மிகக் குறைவு, உங்கள் பொறுப்பில் நுழையுங்கள் என்று முகப்பிலேயே பலகை இருக்கும். காய்ந்திருந்தால் பரவாயில்லை. மழை பெய்தால் களிமண் டயரைச் சுற்றி அப்பிக்கொண்டு, சக்கரம் சுற்றுமே தவிர வண்டி நகராது. சுற்றுவழியிலேயே போங்கள், 2020-இல் மைலுக்கு 57.5 சென்ட் தந்தார்கள். ஆகஸ்டில் மக்காச்சோளம் காரைவிட உயரமாக நிற்கும். பல குறுக்குச் சந்திப்புகளில் நிறுத்தப் பலகை கிடையாது, எதிரே என்ன வருகிறது என்பதும் தெரியாது. ஒவ்வொன்றிலும் நின்றுதான் போனேன்.

அறுவடை தொடங்கியதும் பகலில் வீட்டில் ஆள் பிடிப்பது கஷ்டம். இருட்டும்வரை எல்லோரும் வயலில்தான். இதற்கிடையே முடிவுத் தேதியும் அக்டோபர் 31, செப்டம்பர் 30 என்று மாறி மாறிக் கடைசியில் அக்டோபர் 15-இல் நின்றது. விவசாயப் பகுதிக்கு அந்த அறுவடை வாரங்கள் எவ்வளவு முக்கியம் என்பது தேதியை மாற்றியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பலமுறை போயும் ஆள் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் விசாரிக்கலாம். அது ஒரு மைல் தள்ளி இருக்கும், ஆனாலும் அங்கே இருப்பவருக்கு எல்லாம் தெரியும்: கணக்கெடுப்பு நாளான ஏப்ரல் 1 அன்று அந்த வீட்டில் ஆள் இருந்தார்களா, எத்தனை பேர், எப்போது காலி செய்தார்கள். நகரத்து அடுக்குமாடியில் எதிர் வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது. இங்கே கணக்கு முழுமையானது அக்கம்பக்கத்தாரால்தான் என்று உறுதியாக நம்புகிறேன்.

என் மனதை அதிகம் தொட்டது காலி வீடுகள். வயலுக்கு நடுவே திடீரென்று ஒரு மரக்கூட்டம் தெரியும். பழைய பண்ணை வீட்டுக்குக் காற்றுத் தடுப்பாக யாரோ நட்டவை. உள்ளே போனால் வீடு இருக்கலாம், வெறும் அஸ்திவாரமும் இருக்கலாம். விதி தெளிவானது: கூரையும் சுவரும் ஒழுங்காக இருந்தால் அது காலி வீடு, கணக்கில் சேரும். கூரை இடிந்து வெயிலும் மழையும் உள்ளே இறங்கினால் அது வீடே அல்ல, பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். ஒரு வீட்டில் முன்கதவு பூட்டியபடியே இருந்தது. ஜன்னல் வழியே பார்த்தால் மாடிப்படிக்கு மேலே வானம். போனில் அதை நீக்கிவிட்டுச் சற்று நேரம் அங்கேயே நின்றேன்.

1900-இல் இந்தக் கவுண்டியில் 13,601 பேர் இருந்தார்கள். பொதுவுடைமை வாழ்வைத் தேடி வந்த பிரெஞ்சு இக்காரியர்களின் குடியிருப்பும் கார்னிங் அருகே 1898 வரை நீடித்தது. அன்று 160 ஏக்கர் ஒரு குடும்பத்துக்கு வேலையும் சோறும் தந்தது, ஒரு செக்‌ஷனில் நாலு குடும்பம் வாழ முடிந்தது. டிராக்டரும் கம்பைன் அறுவடை இயந்திரமும் வந்தபின் ஒரே குடும்பம் பல செக்‌ஷன்களைப் பார்த்துக்கொள்கிறது. நிலம் தரிசாகவில்லை, விளைச்சலும் குறையவில்லை. ஆட்கள்தான் தேவைப்படவில்லை.

2021 ஆகஸ்டில் முடிவு வந்தது: 3,704. பத்தாண்டுக்கு முன் 4,029. இவ்வளவு சிறிய இடத்தில் ஒரு குடும்பம் விடுபட்டாலும் மக்கள்தொகையை வைத்துப் பிரிக்கும் நிதியில் அது பத்து ஆண்டுகளுக்குத் தெரியும். 2030-இல் விண்ணப்பித்தால் கிராமப்புறக் கவுண்டிகளுக்குப் போகத் தயார் என்று சொல்லுங்கள். உயரமான வண்டி, காரில் வைக்கக் காகித வரைபடம், மாலை நேரம் ஒழிந்திருப்பது, இந்த மூன்றும் இருந்தால் போதும்.