கரண்ட் வந்தும் லாகின் ஆகவில்லை
தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் சனிக்கிழமைதோறும் நாங்கள் நடத்தும் தமிழ் வகுப்புக்குப் பாடத்தாள் வைக்க, எங்கள் சொந்தச் சர்வரில் ஓடும் நெக்ஸ்ட்கிளவுட் என்ற கோப்புச் செயலி, வருகைப் பதிவுக்கு வேறொரு செயலி. இரண்டுக்கும் தனித்தனி பாஸ்வேர்டு. மூத்த ஆசிரியைகள் அவற்றைச் சீட்டில் எழுதி நோட்டுக்குள் செருகி வைத்திருப்பதைப் பார்த்த பிறகுதான் லாகினைக் கவனிக்கும் கீக்ளோக் என்ற மென்பொருளை நிறுவி ஒரே லாகினாக்கும் வேலையில் இறங்கினேன். அது 2023, லோட் ஷெட்டிங் என்ற முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருடம்.

முதல் தடை சீக்கிரமே தீர்ந்தது. ரிவர்ஸ் ப்ராக்ஸிக்கு (வெளியிலிருந்து வருவதை வாங்கி உள்ளே அனுப்பும் இடைச் சர்வர்) பின்னால் இருந்த நெக்ஸ்ட்கிளவுட், லாகின் முடிந்து திரும்பி வரவேண்டிய முகவரியைப் பாதுகாப்பற்ற எச்டிடிபி என்றே அனுப்பியது, கீக்ளோக் ஏற்கவில்லை. கான்ஃபிக் கோப்பில் எச்டிடிபிஎஸ் என்று அறுதியிட்டதும் சரியானது.

அடுத்தது வயிற்றைக் கலக்கியது. புது லாகினில் நுழைந்த அக்கா ஒருவர், "தம்பி, நான் போட்டு வச்ச பாடம் ஒண்ணுகூட இல்லையேப்பா" என்றார். கோப்புகள் எங்கும் போகவில்லை. நெக்ஸ்ட்கிளவுடைக் கீக்ளோக்கோடு இணைக்கும் ஓஐடிசி ஆப் தானாகவே ஒரு நீளமான அடையாளத்தை உருவாக்கி, அவருக்குப் புதுக் கணக்கைத் திறந்திருந்தது. அப்படி உருவாக்கும் தேர்வை நீக்கி, பழைய பயனர்பெயரையே அடையாளமாக இணைத்ததும் எல்லாம் வந்தன. ஆசிரியைகளை அழைப்பதற்கு முன்பே இதை நான் சோதித்திருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்தது என்றிருந்தபோது, இரண்டு மணி நேரம் கரண்ட் போய் வந்த ஒரு மாலை, யாராலும் நுழைய முடியவில்லை. நானும் வெளியில்தான். லாகின் முகவரியின் கடைசியில் டைரக்ட்=1 சேர்த்து, கீக்ளோக்கைத் தவிர்த்து, பழைய அட்மின் பாஸ்வேர்டால் உள்ளே போனேன். அந்தக் கணக்கை மட்டும் யாரும் அழித்துவிடாதீர்கள். சர்வரின் நிகழ்வுப் பதிவான லாகைத் திறந்தால், கீக்ளோக் தரும் நுழைவுச் சீட்டான டோக்கன் வழங்கப்பட்ட நேரம் இனிமேல்தான் வரப்போகிறது என்று இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் 7:40, சர்வரில் 5:17.

நெக்ஸ்ட்கிளவுட் ஓடுவது ராஸ்ப்பெரி பை 4 என்ற கையளவுக் கணினியில். அதில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. கரண்ட் வந்ததும் கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்தே தொடங்கும். பிறகு நெட்டில் நேரம் கேட்டுத் திருத்திக்கொள்ளும். அதற்கு வேண்டிய யூடிபி 123 போர்ட்டை, ஃபயர்வாலை இறுக்கியபோது நானே அடைத்திருந்தேன். கீக்ளோக் வெளியில் வாடகை சர்வரில், சரியான நேரத்தில் இருந்தது. எதிர்காலத்து டோக்கனைப் பை எப்படி ஏற்கும்?

போர்ட்டைத் திறந்தேன். ரௌட்டர் எழத் தாமதமானாலும் நேரம் தவறாதிருக்க, பேட்டரியோடு ஒரு டிஎஸ்3231 கடிகாரச் சில்லையும் பொருத்தினேன். அடுத்த முறை கரண்ட் போய் வந்ததும் முதலில் நேரத்தைத்தான் பார்த்தேன்: சுவர்க் கடிகாரத்தோடு ஒத்திருந்தது.