காசு கொடுத்து வாங்கிய மென்பொருளைத் திரும்பப் பெற்ற அனுபவம்

மதர்போர்டு பழுதானதால் புதிது மாட்டி, விண்டோஸையும் மறுபடி நிறுவினேன். அதுவரை சிக்கல் ஏதுமில்லை. சில ஆண்டுகளுக்கு முன் வாங்கியிருந்த ஒலித்தொகுப்பு மென்பொருளை நிறுவி, வாங்கும்போது தந்த கீயை, அதாவது லைசென்ஸ் குறியீட்டை, உள்ளிட்டதும்தான் தகராறு தொடங்கியது. அனுமதிக்கப்பட்ட கணினிகளின் எண்ணிக்கை முடிந்துவிட்டது என்றது. இரண்டு கணினிகளுக்கான லைசென்ஸ் அது. ஒன்று மடிக்கணினி, இன்னொன்று இதே மேசைக் கணினி. ஆனால் நிறுவனத்தின் சர்வர் கணக்கில் இது மூன்றாவது கணினி.

ஆக்டிவேஷன் செய்யும்போது, அதாவது அந்தச் சர்வரிடம் அனுமதி பெறும்போது, கீ மட்டும் போவதில்லை. மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க், நெட்வொர்க் கார்டு போன்றவற்றின் எண்களைக் கலந்து கணினிக்கென்று ஓர் அடையாளம் உருவாக்கி, அதையும் சேர்த்தே அனுப்புகிறார்கள். மதர்போர்டை மாற்றினால் அதிலேயே இருக்கும் நெட்வொர்க் சிப்பும் சேர்ந்து மாறிவிடுகிறது. அப்புறம் புதிய அடையாளம் பழையதோடு ஒத்துப்போகாது.

சப்போர்ட்டுக்கு எழுதினேன். "பழைய கணினியில் மென்பொருளைத் திறந்து டீஆக்டிவேட் செய்யுங்கள்" என்று, அதாவது அந்த அனுமதியை விடுவிக்கச் சொல்லி, பதில் வந்தது. செத்துப்போன போர்டில் எதைத் திறப்பது? அதை விளக்கி எழுதினால், மீண்டும் அதே வாசகம் வந்தது. தலைப்பிலேயே "மதர்போர்டு பழுது, ஆக்டிவேஷன் எண்ணிக்கையை ரீசெட் செய்யவும்" என்று போட்டு, போர்டு மாற்றிய ரசீதையும் பிழைச் செய்தியின் படத்தையும் இணைத்த பிறகுதான் லைசென்ஸ் பிரிவுக்கு அனுப்பினார்கள். இதே நிலையில் இருப்பவர்கள் முதல் கடிதத்திலேயே இவற்றை இணைத்துவிடுங்கள்.

அங்கே அடுத்த முட்டுக்கட்டை. நான் வாங்கியது ஒரு விற்பனையாளர் வழியாக. இன்வாய்ஸில் கீ இல்லை, கீ வந்த மின்னஞ்சலில் தொகை இல்லை. அந்தக் கீ என்னுடையதுதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். இரண்டிலும் ஒரே ஆர்டர் எண் இருந்ததால் பிழைத்தேன். அந்த மின்னஞ்சலை அழித்திருந்தால், கொடுத்த காசு போனதுதான்.

காத்திருந்த நாட்களில் எனக்கு ஆறவே ஆறாத விஷயம் ஒன்று உண்டு. இதே மென்பொருளைக் கிராக் செய்து, அதாவது காசு கொடுக்காமல் பூட்டை உடைத்து, ஓட்டுபவருக்கு இந்த அறிவிப்பு ஒருநாளும் வராது. கீ சரியா தவறா என்று முடிவெடுக்கும் நிரல் நம் கணினியிலேதான் ஓடுகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடித்து மாற்றிவிட்டால் சர்வரைக் கேட்க வேண்டிய தேவையே இல்லை. விண்டோஸ் 95 காலத்தில் இதைவிட மோசம். கடையில் விற்ற பதிப்பின் கீயில் கடைசி ஏழு இலக்கங்களின் கூட்டுத்தொகை 7-ஆல் வகுபட்டால் பெரும்பாலும் போதும், சரிபார்ப்பைத் தாண்டிவிடும். 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பி ஆக்டிவேஷனைக் கொண்டுவந்தது. ஆனால் நிறுவனங்களுக்குக் கொடுத்த வால்யூம் கீக்கு ஆக்டிவேஷன் தேவையில்லை. அப்படிப்பட்ட ஒரு கீ, விற்பனை தொடங்கும் முன்பே கசிந்து உலகம் முழுக்கப் பரவியது. தனித்தனியாக வாங்கியவர்கள்தான் ஆக்டிவேஷன் செய்துகொண்டிருந்தார்கள். 2007 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட்டின் சரிபார்ப்பு சர்வர் பழுதானபோது, முறையாக வாங்கிய ஆயிரக்கணக்கான கணினிகளுக்கும் போலி என்ற முத்திரை விழுந்தது.

இதற்காகக் கிராக் பக்கம் போகச் சொல்ல மாட்டேன். அந்தக் கோப்புகளில் வைரஸ் வருவது ஒருபுறம் இருக்கட்டும்; இந்த மென்பொருளை எழுதியவர்களின் உழைப்பால்தான் என் வேலை நடக்கிறது, அவர்களுக்குக் காசு போகத்தான் வேண்டும். ஆனால் காசு கொடுத்தவரையே சந்தேகப்பட்டு நிறுத்தும் ஏற்பாட்டை ஏற்க முடியவில்லை. ஆக்டிவேஷன் பெட்டியிலேயே 'பழைய கணினி பழுது' என்று ஒரு தேர்வு வைத்து, ஆண்டுக்கு ஓரிரு முறை கேள்வியின்றி அனுமதித்தால் நிறுவனத்துக்குப் பெரிதாக என்ன நஷ்டம்?

கடைசியில் எண்ணிக்கையை ரீசெட் செய்து கொடுத்தார்கள், மென்பொருள் திறந்தது. அதோடு விடாமல் இன்னொன்றும் கேட்டேன்: உங்கள் சர்வரை ஒருநாள் மூடிவிட்டால் என் லைசென்ஸ் என்னாகும்? இது வீண் பயம் இல்லை. அடோபி நிறுவனம் சிஎஸ்2 என்ற தன் பழைய மென்பொருள் தொகுப்பின் ஆக்டிவேஷன் சர்வரை மூடியபோது, அந்த நிறுவனமே ஆக்டிவேஷன் தேவைப்படாத பதிப்பை வெளியிட வேண்டியிருந்தது. எல்லா நிறுவனமும் அப்படிச் செய்யும் என்று நம்பி இருக்க முடியாது.

சர்வரை மூடுவது பற்றி நேரடி பதில் வரவில்லை. ஆனால் ஆஃப்லைன் ஆக்டிவேஷன் என்று ஒரு வழி இருப்பதைச் சொன்னார்கள். கணினியில் ஒரு கோரிக்கைக் கோப்பை உருவாக்கி அனுப்பினால், பதிலுக்கு ஒரு லைசென்ஸ் கோப்பு தருகிறார்கள். இணையம் இல்லாமலே அது வேலை செய்கிறது. வாங்கிக்கொண்டேன். நிறுவும் கோப்பு, இன்வாய்ஸ், கீ வந்த மின்னஞ்சல், சப்போர்ட்டில் என் புகாருக்குத் தந்த டிக்கெட் எண் எல்லாவற்றையும் அதோடு சேர்த்து வெளி ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருக்கிறேன். அந்த லைசென்ஸ் கோப்பும் இந்த மதர்போர்டுக்கு மட்டும்தான் செல்லும். போர்டு மறுபடி போனால் அதே டிக்கெட் எண்ணைக் குறிப்பிட்டு எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.