பறுவ நாளில் புறாமலை

கடந்த ஆடிப் பறுவத்தன்று, அதாவது முழுநிலா நாளில், அண்ணன் மகனின் படகில் புறாமலைத் தீவுக்குப் போயிருந்தேன். திருகோணமலையை அடுத்த நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரம்தான். போயா எனும் பறுவ விடுமுறை ஆதலால் டிக்கெட் கொடுக்கும் இடத்திலேயே நீண்ட வரிசை. குருநாகல், கண்டி, கொழும்பு என்று பல ஊர்களிலிருந்தும் இரவோடிரவாக வான் பிடித்து வந்த குடும்பங்கள். எங்கள் முறை வந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது.

தீவின் கரையை நெருங்கியதும் மருமகன் இயந்திரத்தை நிறுத்தி, கையை நீட்டிக் காட்டினான். "மாமி, கடல் நன்றாக வற்றிவிட்டது. இதற்கு மேல் உள்ளே போனால் அடி தட்டும்." அவன் காட்டிய இடத்தில் மான்கொம்புப் பவளங்களின் நுனிகள் நீர்மட்டத்துக்கு மேலே தெரிந்தன. வெயிலில் அவற்றின் மேல் சளி போன்ற ஒரு பசை மினுங்கியது. வெளியே தெரியும் பவளம் உலர்ந்துபோகாமல் இருப்பதற்குத் தானே சுரந்து பூசிக்கொள்ளும் பசை அது.

அதற்கு நாலடி தள்ளி, உருண்டையான ஒரு பெரிய பவளத்தின் மேல் எட்டு ஒன்பது வயதுப் பையன் ஒருவன் ஏறி நின்றான். தகப்பன் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் கையை ஆட்டிக் கத்தினேன். அவர் ஒன்றும் புரியாமல் சிரித்தார். பையன் இறங்கினான், இறங்கிய கால் அடுத்த பவளத்தின் மேல். வேலிக்குக் கிளிசறியாத் தடி முறிக்கும்போது கேட்குமே, அதே சத்தம். அதற்குப் பிறகு அன்று முழுவதும் எனக்கு எதுவும் இனிக்கவில்லை.

அந்தத் தகப்பனில் எனக்குக் கோபம் இல்லை. அவர் நல்ல மனிதர்தான்; தம் பிள்ளைக்குக் கடலைக் காட்ட வந்தவர். இடுப்பளவுத் தண்ணீரில் கால் ஊன்ற இடம் தேடாதவர் யார்? அந்த நாளும் அந்த நேரமும் ஏன் அவருக்கும் பவளத்துக்கும் இப்படி அமைந்தன என்பதுதான் என் மனதை அரிக்கிறது.

"எங்கள் கடலில் வற்றுப்பெருக்கே இல்லை" என்று திருகோணமலையில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் புவியியல் கற்பிக்கும் வகுப்பிலும் ஆண்டுதோறும் யாராவது ஒரு பிள்ளை எழுந்து இதைச் சொல்லும். பாடப்புத்தகத்தில் கனடாவின் பண்டி விரிகுடாவில் 15 மீட்டருக்கு மேல் நீர் ஏறி இறங்குவதைப் படித்துவிட்டு ஜன்னல் வழியே நம் கடலைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அதனால் ஒரு முறை பிள்ளைகளை உட்துறைமுகக் கரைக்கு அழைத்துப் போனேன். சென்டிமீட்டர் கோடுகள் இட்ட ஒரு தடியைக் கல்லணையோடு சேர்த்துக் கட்டி, முறை வைத்து இரண்டு வாரம் அளந்தோம். அரைநிலா நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே ஒரு சாண் அளவே இருந்தது. பறுவத்தை ஒட்டிய நாட்களில் அது அரை மீட்டரைச் சற்றே தாண்டியது. அவ்வளவுதான் எங்கள் கடலின் மூச்சு.

ஆனால் அந்த அரை மீட்டருக்குள் எத்தனை உயிர்கள் அடுக்கடுக்காகக் குடியிருக்கின்றன! கரைப்பாறை ஒன்றின் அருகே குந்தியிருந்து பாருங்கள். மேலே, அலையின் திவலை மட்டும் படும் இடத்தில் மிளகு அளவுச் சிறு நத்தைகள். அதற்குக் கீழே பாறையோடு பாறையாக ஒட்டிய சிப்பிகள். இன்னும் கீழே பாசியும், ஆள் நிழல் பட்டதும் மறுபக்கம் ஓடி ஒளியும் நண்டுகளும். கடைசி இடுக்கில், அதிர்ஷ்டம் இருந்தால், நிறத்தை மாற்றிக்கொண்டு எட்டுக்கால் பேய்க்கணவாய் ஒன்று. பெரிய வற்றுப்பெருக்கு உள்ள நாடுகளில் பனை உயரத்துக்குப் பரந்து கிடக்கும் குடியிருப்பு இங்கே முழங்கால் உயரத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு கை அகலம் நீர் குறைந்தாலும் அங்கே ஒரு வீட்டின் கூரை போய்விடும்.

அப்பா கரைவலை இழுத்தவர். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். கரையோரக் குடிலான வாடியில் இருந்து எழுந்து வந்ததும் முதலில் பாறையின் ஈரக்கோட்டைத்தான் பார்ப்பார். "இன்றைக்கு உவா, நீர் இழுக்கும்" என்பார். அமாவாசைக்கும் பறுவத்துக்கும் பொதுவான சொல் அது. சூரியனும் சந்திரனும் பூமியும் ஒரே கோட்டில் வரும் அந்த நாட்களில் இரண்டின் இழுவையும் சேர்ந்துகொள்வதால் கடல் கூடுதலாக ஏறும், கூடுதலாக வற்றும். இதன் உச்சம் உவாவுக்கு ஒன்றிரண்டு நாள் பிந்தியும் வரும். ஏற்றம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தும் என்பதை நான் பல்கலைக்கழகத்தில் படித்தேன். அப்பா அதை நிலவு உதிக்கும் நேரத்தை வைத்தே சொல்லிவிடுவார்.

என் குறிப்புப் புத்தகத்தில் இன்னொன்றும் இருக்கிறது. பறுவ நாட்களில் எங்கள் கரையில் காலையில் ஏற்றம். மதியம் தாண்டியதும் வற்று. அடுத்த ஏற்றம் இரவில். உவாவின் ஆழமான வற்று நடுப்பகல் வெயிலை ஒட்டி வருகிறது என்று அர்த்தம்.

இதோடு ஆண்டுக் கணக்கையும் சேர்க்க வேண்டும். வாடைக் காற்றுக் காலத்தில் வங்காள விரிகுடாவிலிருந்து தெற்கே ஓடும் நீரோட்டம் எங்கள் கரையோரம் நீரைக் கொண்டுவந்து குவிக்கிறது. மார்கழியில் கடலின் சராசரி மட்டமே உயர்ந்து நிற்கும். ஆடி ஆவணியில் நிலைமை தலைகீழ்: கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது, கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்கிறது, மட்டம் ஆண்டிலேயே தாழ்ந்திருக்கிறது. கடல் அமைதியாக இருப்பதால் அந்த மாதங்களில்தான் சுற்றுலாப் பயணிகளும் வருகிறார்கள்.

இப்போது கணக்கைக் கூட்டிப் பாருங்கள். இந்த நாட்டில் ஒவ்வொரு பறுவமும் பொது விடுமுறை. எந்த நிலவு மக்களுக்கு விடுமுறை தருகிறதோ, அதே நிலவு அன்று பவளத்தின் மேலிருந்த தண்ணீரை எடுத்துவிடுகிறது. ஆண்டில் கடல் மிகத் தாழ்ந்த மாதம், மாதத்தில் மிக வற்றிய நாட்கள், நாளில் மிக வற்றிய வேளை. அந்த வேளையில்தான் ஆயிரம் கால்கள் அங்கே இறங்குகின்றன. யாரும் திட்டமிட்டு இதைச் செய்யவில்லை. ஆனால் தெரிந்த பிறகும் பேசாமல் இருந்தால் அது என் குற்றம்.

புறாமலை ஏற்கெனவே நிறையத் தாங்கிய இடம். வெள்ளைக்காரர் காலத்தில் அந்தத் தீவைச் சுடுபயிற்சிக்குப் பயன்படுத்தினார்கள். 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. 1998இல் கடல் சூடேறி உலகெங்கும் பவளங்கள் வெளுத்து மடிந்தபோது, இலங்கையின் தெற்கிலும் மேற்கிலும் பேரழிவு நேர்ந்தது; எங்கள் பக்கத்துப் பவளங்கள் பெரும்பாலும் தப்பின. அந்தப் பையன் ஏறி நின்ற உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். அதன் அகலத்தைக் கண்ணால் அளந்தேன். என் வயதை விட அதற்கு வயது அதிகம்.

அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடல் வழக்கத்தைவிட வற்றினால் அவர் கரைக்குப் போக மாட்டார். எங்களையும் போகவிட மாட்டார். சுனாமி வந்த 2004 மார்கழி (டிசம்பர்) 26ஆம் திகதியும் பறுவ நாள்தான். அந்த அலைக்கும் நிலவுக்கும் தொடர்பில்லை, அது கடலடி நிலநடுக்கத்தால் வந்தது என்று எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். தலையாட்டுவார். பிறகு, "தண்ணீர் எங்கே போயிருக்கிறது என்று பார்த்துவிட்டு வா" என்பார். அன்றும் புறாமலையிலிருந்து திரும்பியதும் அதைத்தான் கேட்டார்.

மூன்றாம் நாள் மருமகனை மீண்டும் கூப்பிட்டேன். ஒன்பது மணியளவில் நீர் முழுதாக ஏறியிருந்த நேரம். பறுவத்தன்று தலை நீட்டி நின்ற மான்கொம்புகள் எல்லாம் நீருக்குள் போயிருந்தன. நான் முகக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பவளத் திட்டுக்கு வெளியே, ஆழமான பக்கத்தில் மிதந்தேன். தீவின் பாறை இடுக்குகளிலிருந்து மாடப்புறாக்கள் பறக்கும் ஓசை தண்ணீருக்கு வெளியே கேட்டது. தீவுக்குப் பெயர் தந்தவை அவைதான். ஊர்க்கலப்பு இல்லாமல் காட்டிலே வாழும் மாடப்புறாக்களை இலங்கையில் வேறெங்கும் எளிதில் காண முடியாது.

அப்போது அவை வந்தன. துடுப்பின் நுனி கறுத்த சுறாக்கள், ஐந்து. மிகப் பெரியதே என் இரு கைகளையும் விரித்த நீளம் இருக்காது. நீர் ஏறுவதற்காகவே வெளியே காத்திருந்தவை போல, திட்டின் விளிம்பைத் தாண்டி, பவளத்துக்கு மேல் இருந்த அந்த அரை மீட்டர்த் தண்ணீரில் வரிசையாக உள்ளே நுழைந்தன. ஒன்றின் வயிறு பவளத்தை உரசாமல் உரசிப் போனது. சிறு மீன்கள் ஒரே வீச்சில் ஒதுங்கி வழிவிட்டன. இரண்டு நாளுக்கு முன் அந்தப் பையன் நின்ற இடத்தை அவை சுற்றி வந்தன.

திரும்பும் வழியில் மருமகனிடம் சொன்னேன்: "போயா நாளில் மதியம் ஆட்களை ஏற்றாதே. காலையில் ஏற்று." அவனுக்கு அது இலேசான காரியம் இல்லை. பெற்றோல் விலை, தவணைக் கடன், மற்றப் படகுக்காரர் எல்லோரும் மதியம் ஓடும்போது இவன் மட்டும் கரையில் இருக்க வேண்டும். நீண்ட நேரம் பேசாமல் படகை ஓட்டினான். கரை தெரிந்ததும், "காலையில் வருகிறவர்களுக்குச் சுறா காட்டலாம் என்று சொன்னால் வருவார்கள்தானே, மாமி?" என்று கேட்டான்.

வருவார்கள் என்றேன். அடுத்த பறுவத்துக்கு முதல் நாள், நிலாவெளியில் அவனுடைய வாடிச் சுவரில் ஏற்ற நேரமும் வற்று நேரமும் சுண்ணாம்பால் எழுதப்பட்டிருந்தன. தமிழிலும் சிங்களத்திலும். சிங்களத்தில் ஒரு எழுத்துப் பிழை இருக்கிறது. இந்தச் சனிக்கிழமை போய்த் திருத்த வேண்டும்.